சதுர அடைப்பு இல்லாத வருடம்

“சீல் வச்சுக் குடுங்க மிஸ். வெறும் படத்தக் கொண்டுபோனா கச்சேரி ஆபீசுல மதிக்க மாட்டாங்க.”

நிஷாந்த் முச்சக்கர வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே சொன்னான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நிலக்ஷனாவுக்கு அந்தச் சாவியைப் பிடுங்கி வெளியே எறியலாம் போலிருந்தது.

பதுளை நகரத்தில், தேவாலய வளவின் பின்பக்கம் இருக்கும் அந்த ஆவணக் காப்பகத்துக்குக் காலையில் யாரும் வருவதில்லை. பகலிலும் பெரிதாக வருவதில்லை என்பது வேறு விஷயம். மலையகத்து மக்களின் படங்களும் காகிதங்களும் கரையானுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று நாலு நல்ல மனிதர்கள் தொடங்கி வைத்த இடம். பொருட்களைப் பதிவது, எண் போடுவது, உறையில் இடுவது, எலியோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டுவது எல்லாம் நிலக்ஷனாவின் தலையில். கையெழுத்துப் போடுவதும் சீல் வைப்பதும் மட்டும் பணிப்பாளர் யேசுரத்தினம் சேருடைய வேலை.

“என்னன்னு எழுதணும்?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“இந்தப் படம் தொண்ணூத்தி ஒண்ணுல எடுத்ததுன்னு எழுதணும். நீங்கதானே அப்பிடிப் போட்டிருக்கீங்க? பின்நேரம் ரெண்டு மணிக்கு, காணாமப் போனவங்க விசாரண. எங்கப்பாவ யாரும் புடிச்சிட்டுப் போகல, அவரே எங்கள விட்டுட்டு ஓடிட்டாருன்னு சொல்லி, ஃபைல மூடிட்டு வந்துர்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிக்கட்டும்.”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“அம்மாட்ட என்னத்தக் கேக்குறது? பசறையில பஸ் ஏறி நேரா கச்சேரிக்கு வந்துரும்.”

அந்த வருடம் சரிதானா என்று நிலக்ஷனாவுக்கே தெரியாது. அதை இவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. “சேர் வரணும் அண்ணே. பகலுக்கு நானே கொண்டுவந்து தாரேன்,” என்று சொல்லி அனுப்பிவைத்தாள். போகும்போது அவன், “ஏமாத்திறாதீங்க மிஸ்” என்றான்.

நடந்தது இதுதான்.

பதுளை நகரத்தில் ஒரு காலத்தில் நடந்த ஸ்டூடியோ ஒன்றின் பழைய நெகட்டிவ்களை, அதன் சொந்தக்காரரின் மகன் ஜௌபர் நானா காப்பகத்துக்குக் கொடுத்திருந்தார். பிஸ்கட் தகரங்களில் அடைத்த பிலிம் துண்டுகள். அதில் முக்கால்வாசி எழவு வீட்டுப் படங்கள். தோட்டத்துச் சனத்துக்கு அந்த நாளில் படம் எடுப்பது என்றால் ஒன்று அடையாள அட்டைக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. குடியுரிமையே இழுபறியாகக் கிடந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவனை யார் படம் எடுக்கப் போகிறார்கள்? ஆனால் லயத்து வீட்டில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் கடனோ உடனோ வாங்கி ஸ்டூடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சவப்பெட்டியைச் சற்று நிமிர்த்தி வைத்து, சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று ஒரு படம். செத்தவருக்கு அதுதான் முதல் படமும் கடைசிப் படமும். சுற்றி நின்ற உயிருள்ளவர்களில் பாதிப் பேருக்கும் அதுவே ஒரே படம்.

அந்த முகங்களுக்குப் பெயர் தேடித் தோட்டம் தோட்டமாகப் போவது நிலக்ஷனாவின் யோசனை. படங்களைப் பெரிதாக்கி, கீழே இடமும் வருடமும் அச்சடித்து, வாசிகசாலையில் கொடி கட்டித் தொங்கவிடுவாள். வேலை விட்டு வருகிறவர்கள் பார்த்து, இது இன்னார், இவர் இன்னாருடைய கொழுந்தன் என்று சொல்லுவார்கள். அவள் எழுதிக்கொள்வாள். போன வாரம் பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அப்படித் தொங்கவிட்டபோதுதான் நிஷாந்தின் தாய் பெரியாயி ஒரு படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

லுணுகலைப் பக்கத்து எழவு வீடு. பெட்டிக்குப் பின்னால், குடைக்குக் கீழே, தோளில் துவாயோடு ஒரு ஆள்.

“இவரு எங்க வீட்டுக்காரரு,” என்றார் பெரியாயி.

நல்லையா. எண்பத்தொன்பதாம் வருடக் கடைசியில், கைக்குழந்தைக்குப் பால்மா வாங்கப் பசறை டவுனுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு ஜீப்பில் ஏற்றியதைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். ஏற்றியவர்கள் சீருடை போட்டிருந்தார்களா இல்லையா என்பதில் கண்டவர்களுக்குள்ளேயே ஒத்த பேச்சு இல்லை. அன்றிலிருந்து பெரியாயி ஏறாத படி கிடையாது. போன இடமெல்லாம் படம் கேட்டார்கள். அவரிடம் படம் இல்லை. நெற்றிப் பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

பெரியாயி அன்று அழவில்லை. படத்தில் இருந்த முகத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். அவர் பின்னால் நின்ற யாரோதான் கீழே அச்சடித்திருந்ததைச் சத்தமாக வாசித்தார்கள்: லுணுகலை, 1991.

எண்பத்தொன்பதில் பிடித்துக்கொண்டு போனவர் தொண்ணூற்றொன்றில் லுணுகலையில் எழவு வீட்டில் நிற்கிறார். வாசிகசாலை கசகசவென்று பேச ஆரம்பித்தது. பொழுது சாயுமுன் லயம் லயமாகக் கதை பரவி, நல்லையாவுக்கு லுணுகலையில் ஒரு சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் முளைத்துவிட்டார்கள். ஊர் வாய்க்கு அதெல்லாம் பெரிய வேலையா?

இப்போது நிலக்ஷனா செய்த காரியம். சென்ற மழைக்குக் கூரை ஒழுகி இரண்டு தகரங்களுக்குள் தண்ணீர் போனது. ஒன்றில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் 88 என்றும் மற்றதில் 91 என்றும் ஜௌபர் நானாவின் தகப்பனார் எழுதியிருந்தார். ஈரத்தில் விட்டால் பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாய்ப் போகும். அவள் எல்லாவற்றையும் அலசி, துணி காயப்போடுவது போலக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். இந்தப் பக்கம் 88, அந்தப் பக்கம் 91. காற்றில் கயிறு ஒன்று அறுந்து சில துண்டுகள் தரையில் விழுந்தன. எது எந்தப் பக்கத்தது? அன்றைக்கு அறிக்கை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது. உத்தேசமாகப் பொறுக்கி வைத்துவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. உத்தேசம் என்றால் வருடத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் அது: பொருளே சொல்லுகிற வருடம் வெறுமனே, நாம் ஊகிக்கிற வருடம் அடைப்புக்குள். ஊருக்குக் காட்டும் படத்தில் அடைப்பும் கேள்விக்குறியும் அசிங்கமாக இருக்கிறதே என்று அவள் எடுத்துவிட்டாள். அந்த இரண்டு சின்னக் கோடுகள் இல்லாமல் போனதுதான் இப்போது ஒரு மனுஷனை ஓடுகாலியாக்கி வைத்திருக்கிறது.

யேசுரத்தினம் சேர் வந்து குடையை மடக்கி மூலையில் வைக்கும் வரைதான் பொறுத்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கல்லூரியில் உப அதிபராக இருந்தவர். துடைத்து முடியும்வரை யாரும் பேசக் கூடாது.

“அடுத்த மாசம் உதவி தர்றவங்க பார்க்க வாறாங்க, தெரியுமா? ஒரு படத்துல வருஷம் பிழைன்னா மத்ததெல்லாம் சரியான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் சேர்.”

“திகதி உறுதியில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு விடுங்க. நம்ம கைய விட்டுப் போயிரும்.”

“உறுதியில்லன்னு குடுத்தா அவரு அத வச்சே மூடிருவாரு. மூடினா மூடினதுதான். திருப்பித் திறக்க அந்த அம்மாவுக்கு வயசு இருக்கா?”

“தொண்ணூத்தி ஒண்ணுங்கிறது சரியா இருந்தா?”

அவளுக்குள் ஒரு பாதி அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்று சரியென்று ஆகிவிட்டால் அவள் பிழை பிழையே இல்லை. பழி முழுவதும் நல்லையாவின் தலையில். இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஜௌபர் நானாவுக்குப் போன் எடுத்தாள். ஏதாவது எழுதி வைத்திருந்தார்களா?

“வாப்பாவா? எழுதுறதா? எல்லாம் மனசுலதான் மகள். அவர் மௌத்தானதோட அதுவும் போச்சு,” என்றார். பிறகு ஒன்று சொன்னார். “பிலிம வெட்டுறதுல மட்டும் வாப்பாவுக்கு அவசரம். பார்க்காம வெட்டுவார். படத்தோட ஓரத்தையே சில நேரம் வெட்டிருவார். வாடிக்கைக்காரங்க எத்தின பேர் வந்து சண்ட புடிச்சிருக்காங்க.”

நிலக்ஷனா கையுறையை மாட்டினாள். விளக்குப் பெட்டியைப் போட்டு அந்தத் துண்டை வைத்தாள். ஆறு படங்கள் கொண்ட துண்டு. ஓரத்தில் பிலிம் கொம்பனியே அச்சடித்த எண்கள்: பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை. நல்லையா நிற்பது பதினெட்டில், கடைசிப் படம். வலது ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஜௌபர் நானா சொன்னது போலவேதான். கத்தரிக்கோல் கோணலாக இறங்கி, அவர் தலைக்கு மேலிருந்த குடையின் ஒரு நுனியைத் தின்றிருந்தது.

அப்படியானால் அந்த நுனி எங்கோ இருக்க வேண்டும். அதே சுருளின் அடுத்த துண்டில், பத்தொன்பதாம் எண்ணுக்கு முன்னால், நகக்கண் அளவுக்கு. அந்தத் துண்டு கிடைத்தால், அதிலுள்ள மற்றப் படங்கள் ஏதாவது வாய் திறக்கும். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான்.

மணி பத்தரை. பத்தொன்பதில் தொடங்கும் துண்டு ஒன்றா இரண்டா? சுருளுக்கு ஒன்று இருக்கும். முதலில் 91 தகரத்தை எடுத்தாள். உறையிலிருந்து உருவுவது, ஓரத்தோடு ஓரம் வைப்பது, பார்ப்பது, திருப்பி உறையில் இடுவது. அவசரத்தில் இன்னொரு முறை கலந்துவிட்டால் நாசம். ஒன்றை முழுதாக உள்ளே வைத்த பிறகே அடுத்ததைத் தொட்டாள். அதைப் பார்த்துவிட்டு யேசுரத்தினம் சேர் தன் அறைக்குப் போகாமல் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தகரத்தில் பாதி கடந்திருக்கும். ஒரு துண்டு வைத்தவுடன் பொருந்தியது. அதே கோணல். அதே சரிவு. நிலக்ஷனா நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள்.

“கிடைச்சிட்டுதா?”

“தொண்ணூத்தி ஒண்ணு சேர்.” அப்படியென்றால் அவர் ஓடித்தான் போயிருக்கிறார். பெரியாயி முப்பத்தைந்து வருடம் படியேறிக் கொண்டிருந்தபோது, பஸ்ஸில் போனால் தொட்டுவிடும் தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் பிழை செய்யவில்லை. ஒரு சொட்டு நிம்மதிகூட வரவில்லை.

பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். பத்தொன்பதுக்கு முன்னால் ஒட்டியிருந்த துளியில் குடை இல்லை, ஏதோ இலைகள். வாழை இலை மாதிரி. யாரோ வீட்டுக் கல்யாணம். கோணல் மட்டும்தான் ஒன்று; கத்தரித்த கை ஒன்றுதானே.

“இல்ல சேர், இது இல்ல,” என்று சொல்லி உறைக்குள் வைத்தாள். சேர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, “பார்த்துச் சொல்லும் பிள்ள, எனக்குப் பிரஷர் இருக்கு” என்றார்.

91 தகரம் முடிந்தது. 88 தகரம் தொடங்கியது. பன்னிரண்டு அடித்தது. நிஷாந்த் ஒருமுறை போனில் அழைத்தான்; அவள் எடுக்கவில்லை. இரண்டாம் முறை அழைத்தான். சேர் எடுத்து, “வேல நடக்குது தம்பி” என்று வைத்துவிட்டார்.

அடியில், கடைசிக்குப் பக்கத்தில், கிடைத்தது. வைத்தாள். கோணல் பொருந்தியது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். குடையின் நுனி. கம்பியும், கம்பியின் தலையில் இருக்கிற சின்னக் குமிழும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

பத்தொன்பது வெளிச்சம் பட்டுக் கருகிப் போயிருந்தது. இருபதில் ஒரு பள்ளிக்கூடம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் வாத்தியார், முன்வரிசையில் சம்மணமிட்ட ஒருத்தி மடியில் ஒரு சிலேட்டு. நெகட்டிவில் கறுப்பு வெள்ளை மாறி, எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. கைபேசியில் படமெடுத்து நிறத்தைத் திருப்பினாள்.

ஆண்டு 5. 1988. ஐந்தாம் வகுப்புப் படம்.

எழவு வீட்டுப் படம் பதினெட்டு. பள்ளிக்கூடம் இருபது. பிலிம் முன்னுக்குத்தான் ஓடும், பின்னுக்கு ஓடாது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அந்த எழவு. எண்பத்தெட்டு முடிவதற்கு முன்னால் நல்லையா அந்தக் குடைக்குக் கீழே நின்றிருக்கிறார். அவர் காணாமல் போவதற்கு ஒரு வருடம் முன்னால்.

நிலக்ஷனா தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. மேற்படி படத்தின் வருடத்தை 1991 என்று இந்தக் காப்பகம் பிழையாகப் பதிந்தது, பிழை சேகரிப்புப் பொறுப்பாளருடையது, சரியான வருடம் 1988 அல்லது அதற்கு முன், ஆதாரம் இணைப்பில். யேசுரத்தினம் சேர் இரண்டு தரம் வாசித்தார். “பிழைங்கிற சொல் ரெண்டு இடத்துல வருது” என்று முனகினார். என்றாலும் சீலை எடுத்து வைத்தார். முதல் தரம் மங்கலாக விழுந்தது. வாயால் ஊதி இன்னொரு தரம் அழுத்தி வைத்தார்.

கச்சேரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மேல்மாடி நடையில் உட்கார ஒரு நீள வாங்கு. நிஷாந்த் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். பக்கத்தில் பெரியாயி, நல்ல சேலை உடுத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு. அறுபது வயது, தலை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது.

“என்ன மிஸ் இவ்வளவு நேரம்?”

“அண்ணே, நான் போட்டது பிழை. தொண்ணூத்தி ஒண்ணு இல்ல. எண்பத்தெட்டு.”

படங்களை வாங்கில் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்தா குடை, இந்தா குடையின் நுனி, இந்தா சிலேட்டு. நிஷாந்த் குனிந்து பார்த்தான். வருடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சாவி சுழல்வது நின்றது.

“அப்ப... அப்பா ஓடிப்போகல.”

“இல்ல அண்ணே.”

“ஒரு வாரமா நான் அவர என்னென்ன சொன்னேன் தெரியுமா மிஸ்?” அவன் சுவரில் சாய்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். முப்பத்தாறு வயது ஆள் அப்படி அழுவதை நடையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அழுகைக்குள்ளேயே அவன் சிரித்தான் கூட. “எங்கப்பா நல்லவரு மிஸ். எனக்குப் பால்மா வாங்கத்தான் போனாரு.”

நிலக்ஷனாவுக்கு உடம்பு லேசானது. நல்லவேளை, நல்லவேளை என்று மனம் அடித்துக்கொண்டது. செய்த பிழையைத் தானே தேடிப் பிடித்துத் திருத்திவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. அந்தப் பெருமையோடு பெரியாயியைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியாயி படத்தைத் தொடவில்லை.

“அப்ப அதுக்குப் பொறகு அவரக் கண்டவங்க யாரும் இல்லையா புள்ள?”

“இல்லம்மா.”

“லுணுகலையில?”

“அது பழைய படம்மா. அவரு அந்த எழவுக்குப் போயிட்டு, திரும்பி உங்ககிட்டதான் வந்திருக்காரு.”

பெரியாயி தலையாட்டினார். பையின் வாரைச் சுருட்டினார், விரித்தார்.

“ஒரு வாரமா அவர ஏசிக்கிட்டு இருந்தேன் புள்ள. வெறகு பொறுக்கப் போன எடத்துல ஏசினேன். அடுப்பு முன்னுக்கு ஒக்காந்து ஏசினேன். கண்டவ சோத்தத் தின்னுக்கிட்டு நல்லா இருய்யான்னு வாய் நெறைய ஏசினேன். இத்தன வருசத்துல அவர ஒரு வார்த்த சொன்னதில்ல. என்ன பாடு பட்டாரோ, எங்க கெடக்காரோன்னு இருக்கையில எப்பிடி ஏசுறது?” அவர் நிலக்ஷனாவைப் பார்த்தார். கோபமே இல்லை; அதுதான் தாங்க முடியவில்லை. “உசிரோட இருக்க ஆளத்தானே ஏச முடியும். எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.”

ஓடிப்போன புருஷன் என்று ஊர் சிரித்ததையெல்லாம் இந்த மனுஷி காதிலேயே வாங்கவில்லை. எங்கோ இருக்கிறார் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் குடும்பம் நடத்தியிருக்கிறார். பிழையாக ஒரு வருடம் அச்சடித்து அதை அவருக்குக் கொடுத்ததும் நிலக்ஷனாதான். இப்போது சீல் வைத்துப் பறித்ததும் அவள்தான். மன்னிச்சிருங்கம்மா என்று சொல்ல நினைத்தாள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கதவைத் திறந்து ஒருவர் பெயரைக் கூப்பிட்டார். “நல்லையா பெரியாயி.”

நிஷாந்த் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயின் கையைப் பிடித்தான். “வாங்கம்மா. புடிச்சிட்டுப் போனாங்கன்னே சொல்லுவோம். இப்ப படமும் இருக்கு.”

பெரியாயி எழுந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வாங்கிலிருந்த படத்தை எடுத்து, தோளில் துவாயோடு நின்ற மனிதனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கோவிச்சுக்காதய்யா,” என்றார் படத்திடம். “செத்தவங்கள ஏசக் கூடாதுதான். நான் தெரியாம ஏசிப்புட்டேன்.”

படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.